ராமாநுஜனுடைய நோட்டுப் புத்தகங்கள்
(முத்தியால்பேட்டையில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



பேரேட்டில் தொகை சரியாயிருந்தும் அதற்குரிய ரசீது இல்லாவிடில் தணிக்கை செய்பவர் என் செய்வார்? ஒவ்வோர் இனத்தையும் அடியிலிருந்து தேடிச் சரிபார்ப்பார். உலகத்துக் கணித வித்துவான்களுக்கு அத்தகைய வேலையை வைத்துச் சென்றவர் ஸ்ரீநிவாச ராமாநுஜன்.

அவர் 1887-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்தில் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. அதில் சூத்திரங்கள் மிகுதி, நிரூபணங்கள் சொற்பம். அதனையே ஆசானாகக் கொண்டு தாமே பயின்றார். மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. காகிதம் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் நோட்டுப் புத்தகத்தில் பதிந்துகொண்டார். முடிவு நின்றது, வந்த வழி அழிந்தது.

1912-இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் கணக்குக் குமாஸ்தாவானார். 1913-ஆம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்குக் கடிதம் எழுதி, சுமார் 120 சூத்திரங்களை அனுப்பினார். ஹார்டி வியந்தார், ஆயினும் பதிலில் நிரூபணங்களையே கேட்டார். 1914-இல் ராமாநுஜன் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, தமது 32-ஆம் வயதில், சென்னையில் காலமானார்.

அவருடைய நோட்டுப் புத்தகங்களை 1957-இல் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையம் அப்படியே அச்சிட்டது. அவற்றின் சூத்திரங்களுக்கு நிரூபணம் தேடி, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்கள் வெளியிட்டார். கடைசி நாட்களில் எழுதிய தாள்களோ, 1976-இல்தான் கேம்பிரிட்ஜ் புத்தகசாலையொன்றில் ஆண்ட்ரூஸ் என்பவர் கண்ணில் பட்டன. ஒருவர் சில வருஷங்களில் எழுதியதைச் சரிபார்க்கப் பலருக்குப் பல்லாண்டுகள் சென்றன.

அவருடைய மற்றொரு கடிதமும் நாம் அறியத் தக்கது. சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு வருஷத்திற்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தது. 1919-ஆம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி அதன் ரிஜிஸ்திராருக்கு அவர் எழுதினார்: பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் போதும், தம் அவசியச் செலவு போக மிகுந்ததை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். காகிதத்துக்கு வகையற்றிருந்தவரின் கடிதம் இது.

சகோதரர்களே! தறியிலும் வயலிலும் நீங்கள் கண்டறிந்த நுட்பத்தை முடிவோடு விடாமல், செய்த முறையையும் சேர்த்து எழுதி வையுங்கள். எழுதியதைப் பத்திரப்படுத்துங்கள். சங்க லாபத்தில் பொது நன்மை நிதியைப் பிரிக்கும்போது, புத்தகம் வாங்க இயலாத பிள்ளை உங்கள் தெருவில் உண்டா என்று விசாரியுங்கள்.