அணை நீரும் அடுக்குக் குறியும்

மேட்டூர் அணை நிரம்பினால் அதில் 93.47 டி.எம்.சி. நீர் நிற்கும் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அது எவ்வளவு நீர் என்று ஒருவர் கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? பேரெண்ணை நாவால் சொல்வது எளிது. மனத்தால் பற்றுவது அரிது. பற்றுவதற்கு அலகு மாற்றம், அறிவியல் குறியீடு என்னும் இரு கருவிகள் உண்டு. மூன்றாவது கருவி ஒன்றும் உண்டு. அதை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன்.

நான் ஆசிரியப் பணியில் அமர்ந்த புதிது. இக்கணக்கையே ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஒன்றுக்குப் பின் ஒன்பது சுழிகள், சுருக்கமாக 10⁹. சுழிகளை வரிசையாக எழுதினால் ஒன்று விட்டுப்போனாலும் கண்ணுக்குப் புலப்படாது. அடுக்கில் எழுதினால் அக்கவலை இல்லை. ஆகவே அணையின் கொள்ளளவு 9.347 × 10¹⁰ கன அடி. ஒரு மீட்டர் 3.28 அடி அல்லவா? அந்த எண்ணால் வகுத்து, 2.85 × 10¹⁰ கன மீட்டர் என்று எழுதி, அடிக்கோடும் இட்டுவிட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அணை நிரம்பினால் நீர்ப்பரப்பு எவ்வளவு?" என்றான். ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர், அதாவது 1.5 × 10⁸ சதுர மீட்டர் என்றேன். அவன் நோட்டில் வகுத்துப் பார்த்தான். "அப்படியானால் சராசரி ஆழமே 190 மீட்டர் வருகிறதே! அணையின் முழு நீர்மட்டம் 120 அடிதானே, ஐயா?" என்றான்.

120 அடி என்பது 37 மீட்டர்கூட ஆகாது. வகுப்பு அமைதியாயிற்று. எனக்கும் பேச்சு எழவில்லை.

பிழை எங்கே? நீளத்தை மாற்ற ஒரு முறை வகுத்தால் போதும். கன அளவிலோ நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுக்கும் வகுத்தல் வேண்டும். 3.28ஐ மும்முறை பெருக்கினால் ஏறத்தாழ 35.3. அதனால் வகுக்கக் கிடைப்பது 2.65 × 10⁹ கன மீட்டர். இப்போது சராசரி ஆழம் ஏறத்தாழ 18 மீட்டர். கரையோரம் ஆழம் குறைந்தும் அணைச் சுவரருகே மிகுந்தும் இருப்பதால், இது பொருத்தமான விடையே. தவறு என்னுடையது என்று வகுப்பின் முன் ஒப்புக்கொண்டு, பலகையை அழித்து எழுதினேன்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். ஆகவே அணை நீர் 2.65 × 10¹² லிட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.2 கோடி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று கொண்டால், ஒரு நாள் தேவை 7.2 × 10⁹ லிட்டர். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ ஓராண்டுக்குப் போதும். என் பழைய விடையின்படியோ பத்தாண்டுக்கும் மேல் போதும்! ஓராண்டு நீரைப் பத்தாண்டு நீர் என்று நம்பிச் செலவிடும் நாடு என்னாகும்?

பொற்கொல்லர் பொன்னை உரைகல்லில் உரசிப் பார்க்கிறார். நீங்களும் எந்தப் பெரிய விடையையும் வேறொரு வழியில் உரசிப் பாருங்கள். அதுவே அந்த மூன்றாவது கருவி. விடையை எழுதியவர் ஆசிரியரே ஆனாலும், எழுந்து நின்று பணிவுடன் கேளுங்கள்.