இரட்டை வண்டியும் ஒரு தோளும்

நடுவர் அவர்களே! எதிரணி அம்மையார் சொன்னாங்க: "இரட்டைப் பிள்ளைக்குத் தள்ளுவண்டி போதும், ஆள் எதுக்கு?" நானும் அப்படி நம்பித்தான் பேரன்களுக்கு ஜோடி இருக்கை வண்டி வாங்கினேன். அகலம் 76 சென்டிமீட்டர். எங்க தூத்துக்குடி வீட்டு வாசல் நிலை 70தான்! (சிரிப்பு)

அளக்காம வாங்கினது என் தப்பு. மாத்தி, முன்னும் பின்னுமா இருக்கை உள்ளதை வாங்கினேன். உள்ளே நுழைஞ்சது. ஆனா ஒரு இருக்கைதான் படுக்கையா விரியுது. தலை நிக்காத பிள்ளைகளோ ரெண்டு! ஒருத்தன் வண்டியில, இன்னொருத்தன் என் தோள்ல. (கைதட்டல்)

எங்க கடல்ல 1961 வரை முத்துக் குளிச்சாங்க. கல்லோடு இறங்கினவன் உயிர்க்கயிறு மேலே படகுல மச்சான் கையில இருக்கணும்னு சொல்வாங்க. எங்க வீட்டுக் கயிறு இப்போ சம்பந்தியம்மா கையில. நேத்துதான் பெட்டியோடு வந்து இறங்கியிருக்காங்க!