யார் கூட்டிப்போய்க் காட்டுவது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாவரவியல் வாத்தியார் கையில் மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்! அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மரம், செடி, பறவை எதுலயும் ஒட்டுதலே இல்லை" என்று நம் வயதுக்காரர்கள் குறைப்படுகிறோம். சரி, நமக்கு அது எப்படி வந்தது? யாராவது பாடம் நடத்தியா வந்தது?

லூயிஸ் சாவ்லா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் இதே கேள்வியைச் சுற்றுச்சூழலுக்காக உழைத்தவர்களிடம் கேட்டார். கென்டக்கியிலும் நார்வேயிலும் அவர் சந்தித்தவர்களில் பலர் சொன்னவை முக்கியமாக இரண்டு. சின்ன வயதில் இஷ்டம்போல் சுற்றித் திரிந்த ஓர் இடம். அந்த இடத்தை நேசிக்கத் தெரிந்த ஒரு பெரியவர்.

நம் நாட்டுப் பறவையியல் மேதை சாலிம் அலி (1896-1987) கதையும் அதுதான். சிறுவனாக விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு. என்ன பறவை என்று அவருடைய மாமாவுக்குத் தெரியவில்லை. "போடா, படிக்கிற வேலையைப் பார்" என்று அவர் விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், பறவையின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், பாடம் செய்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கொன்ற பையனைக் காப்பவனாக மாற்றியதில் அந்த இரண்டு பெரியவர்களுக்கும் பங்கு உண்டு.

சின்னக் குழந்தைக்கு உபதேசம் வேண்டாங்க. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதட்டும். தொட்டாற்சுருங்கியைத் தொட்டுப் பார்க்கட்டும். ஏழு வயதில் காடு அழிகிறது, பூமி சூடாகிறது என்று பயமுறுத்தினால் குழந்தை விலகித்தான் போகும் என்று டேவிட் சோபெல் என்ற கல்வியாளர் 1996லேயே எச்சரித்தார். முதலில் பிரியம், கவலை பிறகு.

சிக்கல் பதின்ம வயதில். இங்கிலாந்தில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஒட்டுதல் பத்து, பன்னிரண்டு வயதுக்குப் பின் சரிந்து, 15, 16 வயதில் அடிமட்டத்தைத் தொடுகிறது என்கிறது. நம் ஊரில் அதோடு டியூஷனும் சேர்கிறது. என் பேத்தி எட்டு வயதில் மைனாக் கூட்டுக்குக் காவல் இருந்தவள். இப்போது ப்ளஸ் ஒன். விடிவதற்குள் கிளம்பி இருட்டியபின் வருகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த வயசுப் பிள்ளைகளிடம் "ரசி" என்றால் எடுபடாது. பொறுப்பைக் கொடுங்கள், கூட நாலு நண்பர்களைச் சேருங்கள்; வருவார்கள். சென்னையில் 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இதற்குச் சாட்சி. ஜனவரி முதல் மாதக்கணக்கில், ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைக்கிறார்கள். பொரித்து வரும் குஞ்சுகள் தெருவிளக்கைப் பார்த்து ஊர்ப்பக்கம் திரும்பாமல் கடலில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதைக் கண்ணால் பார்த்தவனுக்குப் பாடப்புத்தகம் எதற்கு?

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பெரியவர்களே வெடிக்காதபோது, பிள்ளைக்கு வேறு போதனை எதற்கு?

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசும் உதவித்தொகையும் தருகிறோம், நல்லது. கூடவே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நம் கல்லூரி வளாகத்துக்குள் கூட்டி வருவோம். பத்துப் பிள்ளைக்கு நம்மில் ஒருவர், இன்றைய மாணவர் ஒருவர். பேச்சுப்போட்டி வேண்டாம், பேனர் வேண்டாம். இரண்டு மணி நேரம் மரத்தடியில் அவர்கள் போக்கில் விட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். பதில் தெரியாவிட்டால், "வா, சேர்ந்து பார்க்கலாம்" என்று சொன்னாலே போதும்.

பெயர் தெரியாத மரத்தை வெட்டினால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அடியில் விளையாடிய மரத்தை வெட்ட வந்தால், கேட்க நாலு பேராவது வருவார்கள். அந்த நாலு பேரை நாம்தான் உருவாக்க வேண்டும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே என்னிடம் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்டால் தூக்கம் வந்துவிடும்!