முகப்பருவும் நம் இல்லங்களும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விழா மேடையிலே இலக்கியமும் இசையும் முழங்குவதுதான் வழக்கம். இந்த மருத்துவன் முகப்பருவைப் பற்றிப் பேசப்போகிறான் என்றவுடன் இளைஞர் வரிசையில் ஒரு சிரிப்பலை எழுந்தது. சிரிக்கட்டும். ஆனால் இருபத்தைந்து வயதைக் கடந்து, முப்பதிலும் நாற்பதிலும் பருவோடு போராடுகிறவர்களுக்கு இது சிரிப்புக்குரிய செய்தியன்று. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டிலும், புதிய அலுவலில் சேரும் நாளிலும் கண்ணாடி முன் நின்று கலங்கும் உள்ளங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பொருட்டே இன்று பேச வந்தேன்.

பரு ஏன் வருகிறது? நம் தோலில் உள்ள மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் தூண்ட, அவை நெய்ப்பசையைச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன் ஆண், பெண் இருபாலார் உடலிலும் உண்டு. மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டி அடைத்துக்கொண்டால், நெய்ப்பசை உள்ளேயே தேங்குகிறது. அதுவே வெண்புள்ளியும் கரும்புள்ளியும் ஆகும். அங்கே கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி, உடலும் எதிர்த்துப் போரிட, அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. கரும்புள்ளியின் கருமை அழுக்கினால் வந்ததன்று. இதை அறியாமல் நாரைக்கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோர் புண்ணை மேலும் புண்ணாக்குகிறார்கள்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதை நீவிர் அறிவீர். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். முகப்பருவுக்கும் இவ்வகுப்பு மிகப் பொருந்தும். அவ்வரிசையிலேயே பேசுகிறேன்.

முதலாவது, நோயாளி. அவருக்கு முதலில் வேண்டுவது பொறுமை. நல்ல மருந்தும் பயன் தருவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே களிம்பை மாற்றுகிறவர் எந்தக் களிம்பின் பயனையும் காணமாட்டார். அடுத்தது, கையை முகத்தினின்று விலக்கி வைத்தல். பருவைக் கிள்ளினால் அது ஆறுவதில்லை; ஆழமாகித் தழும்பாகிறது. நம்மைப் போன்ற மாநிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் பரு போனபின் கறுத்த வடு பல மாதம் நிற்கும். வெயில் அதனை மேலும் கறுக்கச் செய்யும்.

காலையும் மாலையும் மென்மையான சோப்பால் முகம் கழுவினால் போதும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் பருவுக்கு மருந்தல்ல. தோலை எரிக்கும் பொருள்கள். 'உடம்பு சூடு, எண்ணெய் தேய்த்துக்கொள்' என்று பாட்டிமார் கூறுவார்கள். எண்ணெய்க் குளியலை நான் பழிக்கவில்லை. ஆனால் தலை எண்ணெய் நெற்றியில் வழிந்து நாள் முழுதும் நின்றால், அவ்விடத்து மயிர்க்கால்கள் அடைபடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த பின் நெற்றியை நன்கு கழுவுங்கள். அழகுப் பொருள் வாங்குவோர், துளைகளை அடைக்காதது என்று குறிக்கப்பட்டதையே வாங்குங்கள்.

உணவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இனிப்பும், சர்க்கரையை விரைந்து உயர்த்தும் உணவும் சிலருக்குப் பருவை மிகுவிக்கின்றன. பாலும் சிலருக்கு அவ்வாறே. உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர் அருந்தும் பால்புரத மாவுக்குப் பின் பரு மிகுந்தால், அதை நிறுத்திப் பார்ப்பது அறிவுடைமை. அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மருத்துவர். பருவம் கடந்த பின் வரும் பருவை ஆராய்ந்து பார்க்கவேண்டும். பெண்களுக்குத் தாடையிலும் மோவாயிலும் மாதவிலக்குக்கு முன் பரு மிகுவது இயல்பாகக் காணப்படுகிறது. அத்துடன் மாதவிலக்கு தவறுதல், முகத்தில் உரோமம் வளர்தல், உடல் பருத்தல் ஆகியவையும் சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டி நோயா என்று சோதிக்கவேண்டும். ஸ்டைன், லெவெந்தால் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1935ஆம் ஆண்டில் விளக்கிய நோய் அது. காசநோய்க்கு உண்ணும் ஐசோனியசிட், மனநோய்க்கு உண்ணும் லித்தியம் போன்ற மருந்துகளாலும் பரு போன்ற கொப்புளங்கள் எழலாம். ஆகையால் தாம் உண்ணும் மருந்துகளை எல்லாம் மருத்துவரிடம் ஒளியாமல் கூறுதல் நலம். உண்ணும் மருந்தைத் தாமே நிறுத்துதல் ஆகாது.

மூன்றாவது, மருந்து. எளிய பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு சிறந்தது. 2.5 விழுக்காடு வலிமையே பெரும்பாலும் போதும். வலிமை கூடினால் எரிச்சல் கூடும். தலையணை உறையையும் துண்டையும் அது வெளுக்கச் செய்யும் என்பதை இல்லத்தரசிகள் நினைவில் கொள்க. அடைப்பை நீக்குவதற்கு அடாபலீன், டிரெட்டினாயின் என்னும் பூச்சுகள் உண்டு. பட்டாணி அளவு எடுத்து, இரவில், பருவின் மேல் மட்டும் வைக்காமல் பரு எழும் இடம் முழுவதும் மெல்லிதாகப் பூசவேண்டும். தொடக்கத்தில் தோல் உலர்ந்து உரியும். ஓர் இரவு விட்டு ஓர் இரவு பூசினால் பழகிவிடும். பகலில் வெயில் காப்புப் பூச்சு தேவை. கருவுற்ற தாய்மார் இப்பூச்சுகளைத் தவிர்க்கவேண்டும்.

கிருமிக்கொல்லி மாத்திரைகளை மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டுவது நன்றன்று. தனியே கொடுத்தால் நுண்ணுயிர் பழகி எதிர்த்து நிற்கும். எனவே பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்தே தருவார்கள். கொடிய பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை உண்டு. அமெரிக்காவில் 1982இல் அனுமதி பெற்றது. தழும்பு விழும் பருவையும் அடக்கும் ஆற்றல் வாய்ந்தது. ஆனால் கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாக ஊனப்படுத்தக்கூடியது. அதை உண்ணும் காலத்திலும், நிறுத்தியபின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரித்தல் கூடவே கூடாது. மருத்துவர் மேற்பார்வை இன்றி இதனை ஒருவரும் தொடவேண்டா.

அன்பர்களே, இனி நான் கூறப்போவதே இவ்வுரையின் உயிர். பருவைக் காட்டிலும் கொடிய பகை ஒன்று நம் அலமாரிகளில் சிறு குழாய் உருவில் இருக்கிறது. அதன் பெயர் ஸ்டீராய்டு களிம்பு. அண்டை வீட்டார் சொன்னார், கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கிப் பூசுகிறோம். மூன்றே நாளில் சிவப்பு அடங்கி, முகம் வெளுத்துப் பொலிகிறது. 'ஆகா, இதுவன்றோ மருந்து!' என்று மகிழ்கிறோம். வாரங்கள் கழிகின்றன. தோல் மெலிகிறது, இரத்த நாளங்கள் கோடு கோடாகத் தெரிகின்றன, பெண்கள் முகத்தில் உரோமம் முளைக்கிறது, முன்னிலும் மிகுதியாகப் பரு எழுகிறது. நிறுத்தினால் முகம் தீயாய் எரிகிறது. மீண்டும் பூசினால் அடங்குகிறது. குடிப்பழக்கம் போல இதுவும் ஓர் அடிமைத்தளை!

இது கற்பனையன்று. இந்தியாவின் பல ஊர்களில் தோல் நோய்ப் பிரிவுகளுக்கு முகத்தோல் குறையோடு வந்த 2926 பேரை ஆராய்ந்து, 2011இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசியவர்கள். அந்த 433 பேரில் ஏறத்தாழ ஐந்தில் மூவர் மருத்துவர் அல்லாதார் சொல்கேட்டே பூசியிருந்தனர். பருவுக்கென்று பூசியோரும் நிறத்துக்கென்று பூசியோரும் அவர்களிடையே மிகப் பலர். இக்கேட்டை உணர்ந்த மத்திய அரசு, 2018 மார்ச் மாதத்தில் தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பதினான்கை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் கடை வாயில் வரைதான் வரும். வீட்டு வாயிலை நாம்தான் காக்கவேண்டும்.

ஆதலின் இன்றிரவு இல்லம் சென்றதும் களிம்புக் குழாய்களை எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஒன்று அதில் இருந்தால், அது முகப்பருவுக்கு உரியதன்று. பல மாதம் பூசி வந்தவர் அஞ்சவேண்டா. தோல் மருத்துவரிடம் அக்குழாயையே கொண்டுசென்று காட்டுங்கள். விடுபடும் வழியை அவர் வகுத்துத் தருவார். நமக்கு அண்மையில், சிவாஜி நகரில் பவுரிங் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவு உண்டு. மொழி தெரியாதே என்று தயங்கும் தாய்மாருக்கு ஒரு சொல் கற்றுத் தருகிறேன்: பருவைக் கன்னடத்தில் 'மொடவெ' என்பார்கள். இந்த ஒரு சொல்லும் கையில் அக்குழாயும் இருந்தால் போதும்.

நான்காவது, அருகிருந்து உதவுபவர். அது நாம், குடும்பத்தார். வீட்டுக்கு வந்த உறவினர் 'முகத்தில் என்னம்மா இவ்வளவு பரு?' என்று கூடத்தில் நின்று கேட்கிறார். கேட்டவர் மறந்துவிடுவார்; கேட்கப்பட்டவள் மறப்பாளா? 'கலியாணமானால் சரியாகிவிடும்' என்கிறோம். ஆகாது, திருமணம் எந்தச் சுரப்பியையும் அடைக்காது! பெண் பார்க்கும் நாள் குறித்தவுடன் பதினைந்து நாளில் முகம் தெளியவேண்டும் என்று அவசரப்படுகிறோம். அந்த அவசரமே மகளை அக்குழாயிடம் துரத்துகிறது. நாம் அவளுக்கு மூன்று மாதம் கொடுத்தால், மருத்துவமும் தன் கடமையைச் செய்யும். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். முகத்தைப் பற்றிய கேலியை வீட்டில் விலக்குங்கள்.

கர்நாடக மண்ணில் வாழும் நாம், ஒருவர்க்கொருவர் துணை என்று சொல்லித்தான் சங்கம் அமைத்தோம். அந்தத் துணை விழா மேடையோடு நில்லாமல், கண்ணாடி முன் கலங்கி நிற்கும் ஒரு பெண்ணுக்கும் ஓர் இளைஞனுக்கும் எட்டட்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!