பட்டைத் தோலில் ஒரு கவசம்

திரைப்படத்திலும் கணினி விளையாட்டிலும் பார்த்த வீரர்களின் தோல் கவசத்தைத் தன் கையாலேயே செய்து பார்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்காக இன்று பேசுகிறேன். கையில் கருவி இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை, எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்று தயங்குகிறவர்கள் கொஞ்ச நேரம் கேளுங்கள்.

மேலை நாடுகளில் இதற்கென்றே ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு வேடம் ஏற்று, காட்டிலோ கோட்டையிலோ கூடி, ஒரு கதையைத் தாங்களே நடந்தும் ஓடியும் மோதியும் ஆடுவார்கள். பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. 1982-இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள பெக்ஃபர்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற குழு இதை முறையாக நடத்தத் தொடங்கியது. அங்கிருந்து பல குழுக்கள் கிளைத்தன. இந்த ஆட்டத்தில் வாளும் கோடாரியும் மெத்தென்ற நுரையால் செய்தவை, அடித்தால் வலிக்காது. கவசத்தை மட்டும் பலர் உண்மையான தோலிலேயே செய்துகொள்கிறார்கள்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது. அண்ணன்மார் சாமி கதையை உடுக்கடித்துப் பாடும் ஊர்களில் படுகளம் என்ற சடங்கு நடக்கிறது. கதைநாயகர்களான பொன்னரும் சங்கரும் மாண்ட இடம் வரும்போது, ஊர் ஆண்களே வீரர்களாக அருள் வந்து களத்தில் விழுகிறார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புகிறார்கள். 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்த பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர், பின்னாளில் அதை உலகமே படிக்கும்படி செய்தார். படுகளம் வழிபாடு; அதை விளையாட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மனிதன் தன் ஊர்க் கதைக்குள் உடம்போடு இறங்கி நிற்பது எப்படியிருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். அதனால் உங்கள் முதல் கவசத்தை ஏதோ ஒரு ஐரோப்பிய வீரனுக்காகத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. சாமி வேடம் கட்டச் சொல்லவில்லை. பழைய கொங்கு நாட்டில் ஒரு பாளையத்தின் எல்லையைக் காத்து நின்ற, பெயர் தெரியாத காவல்காரன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கையில் என்ன கட்டியிருப்பான் என்று யோசியுங்கள்.

இனி தோலுக்கு வருவோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சறுக்குவது வெட்டுவதிலோ தைப்பதிலோ இல்லை, தோல் வாங்குவதில்தான். கடையில் கிடைக்கும் கைப்பை, மெத்தை, காலணி மேல்தோல் இவற்றில் பெரும்பாலானவை குரோம் உப்பில் பதனிட்டவை. மென்மையானவை, நன்றாக வளையும், தண்ணீருக்கும் அவ்வளவாக அஞ்சாது. கவசத்துக்கு அவை ஆகாது, ஏனென்றால் எந்த வடிவத்திலும் நிற்காது. நமக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத் தோல். நனைத்தால் களிமண் போல இழைந்து கொடுக்கும். காய்ந்தால் கொடுத்த வடிவத்திலேயே நிற்கும்.

இந்தப் பட்டைத் தோலுக்குப் பெயர் போன ஊர்களில் ஒன்று ஈரோடு. கோவையில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஈரோடு, திருச்சி, திண்டுக்கல் வட்டாரங்களில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல்தான் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கப்பலேறியது. அதற்கு இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. வறண்ட மேட்டு நிலங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான். பிறகு நீலகிரியில் வளர்த்த வாட்டில் மரத்தின் பட்டையும் சேர்ந்துகொண்டது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடியை நீக்குவார்கள், சதையைச் சீவுவார்கள், பிறகு பட்டைச் சாற்றுத் தொட்டிகளில், மெல்லிய சாற்றில் தொடங்கிக் கெட்டியான சாறு வரை, வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஊறவைப்பார்கள். வெளிநாட்டு ஆர்வலர்கள் அதிக விலை கொடுத்துத் தேடும் தோல் இந்த வகைதான். அது நமக்கு இவ்வளவு பக்கத்தில் கிடைப்பதை நான் பெரும் பேறாகவே நினைக்கிறேன்.

கடையில் எப்படி அடையாளம் காண்பது? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலமும் சாம்பலும் கலந்த நிறம் தெரிந்தால் குரோம். பட்டைத் தோல் பெரும்பாலும் உள்ளே வரைக்கும் பழுப்பாகவோ வெளிர் மரநிறத்திலோ இருக்கும். சாயமோ மேல்பூச்சோ ஏறாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடம் கறுக்கும். தடிமன் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள்; ஓர் அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். எருமைத் தோல் நல்ல தடிப்பாகக் கிடைக்கும். முதுகுப் பகுதி உறுதியானது, வயிற்றுப் பகுதி இழுபடும். பழகிப் பார்க்க வயிற்றுத் துண்டே போதும், விலையும் குறைவு. முழுத் தோலை வாங்கவே வாங்காதீர்கள். தோல் பதனிடும் கழிவு காலிங்கராயன் வாய்க்காலை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்பது ஈரோட்டுக்காரர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, வேண்டிய அளவு மட்டும் வாங்கி, விரல் அகலத் துண்டைக்கூட வாருக்கோ கண்ணிக்கோ பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் வேலையாக மார்புக் கவசத்தில் கை வைக்காதீர்கள். முன்கைக் கவசம் போதும். மணிக்கட்டுச் சுற்றளவையும் முழங்கைக்குச் சற்றுக் கீழேயுள்ள சுற்றளவையும் அளந்து, காலண்டர் அட்டையில் வடிவத்தை வெட்டி, கையில் கட்டி மடக்கி நீட்டிப் பாருங்கள். இடிக்கிற இடத்தைக் குறையுங்கள். அட்டையில் சரியான பிறகுதான் தோலில் கோடு. வெட்டும்போது கத்தியைப் பிடித்த கை நிதானமாக இருக்கட்டும். ஒரே அழுத்தில் அறுக்காமல் இரண்டு மூன்று தடவை இழுத்து அறுங்கள்.

அடுத்தது கெட்டிப்படுத்துவது. இதை நிதானமாகச் சொல்கிறேன். இடைக்கால ஐரோப்பாவில் தோலை வெந்நீரில் முக்கிக் கவசமாக்கினார்கள் என்று சொல்வதுண்டு. அதன் சூட்சுமம் தோலின் இழைகளில் இருக்கிறது. பட்டைத் தோலின் இழைகள் ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரி செல்சியஸில் சுருங்கத் தொடங்கும். சுருங்கும்போது தடித்து, ஒன்றையொன்று நெருக்கி, ஆறியதும் மரப்பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். நல்ல குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். அதனால்தான் வெந்நீர் வித்தை அதனிடம் பலிக்காது.

முதலில் தோலைச் சாதாரணத் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறவையுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கைக்கணக்கு வேண்டாம், வெப்பமானி வேண்டும். இடுக்கியால் தோலை உள்ளே விட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஓரங்கள் சுருளத் தொடங்கும். உடனே எடுத்து, உங்கள் முன்கை அளவுள்ள பிவிசி குழாயில் சுற்றித் துணி நாடாவால் கட்டிவிடுங்கள். சூடான தோலை உங்கள் கையிலேயே சுற்றிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம். ஆறும்வரை சில நிமிடம்தான் வளைந்துகொடுக்கும். அதிக நேரம் வெந்நீரில் விட்டால் கல்லாகி, பிறகு அடி விழுந்த இடத்தில் பிளக்கும். எவ்வளவு சுருங்கும் என்பது தோலுக்குத் தோல் மாறும். அதனால் அதே தோலின் வெட்டுத் துண்டை முதலில் முக்கி, முன்னும் பின்னும் அளந்து, அந்த விகிதத்துக்கு அட்டை வடிவத்தைப் பெரிதாக்கிய பிறகே தோலை வெட்டுங்கள். வெயிலில் போடாமல் நிழலில் காய வையுங்கள்.

இரும்பை ஈரத் தோலின் பக்கம் விடாதீர்கள். பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிடிக்கும். கடுக்காயும் அன்னபேதியும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சியது இதே விளைவால்தான். ஆணிக்குப் பித்தளை ரிவிட் வாங்குங்கள். கவசம் முழுவதும் கறுப்பாக வேண்டுமென்றால் இதையே துணையாக்கிக்கொள்ளலாம்: வினிகரில் இரும்பு நாரைச் சில நாள் ஊறவைத்து, வடிகட்டிப் பூசினால் தோல் கண் முன்னாலேயே கறுத்துவிடும். சாயக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

தையலுக்கு வருகிறேன். குத்தூசியால் ஒரே இடைவெளியில் துளையிட்டு, தேன்மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக விட்டு இழுக்க வேண்டும். ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் அவிழாது. இதைக் காணொளியில் பார்ப்பதைவிட, செருப்புத் தைக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவர் செலவிடும் நேரத்துக்குக் காசு கொடுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கொங்கு நாட்டுக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், தண்ணீர் மொள்ளும் சாலோடு சேர்ந்த தோல் வாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர் சமூகத்துக் கைவினைஞர்கள். தண்ணீர் ஒழுகாத தையல் அது. மாடு இழுக்கும் பாரத்தைத் தாங்கி, நாள் முழுக்க நனைந்து காய்ந்து நிற்கும் தையல். அவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தது தானியம். கிடைக்க வேண்டிய மதிப்போ கிடைக்கவேயில்லை. பம்புசெட் வந்ததும் கவலை நின்றது. அந்தப் பம்புசெட்டுகளை வார்த்த பவுண்டரிகளில் பல நம் கோவைப் பீளமேட்டில்தான் இருந்தன. பீளமேட்டுப் பட்டறைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாம், அந்தக் கிணற்றடித் தையல்காரர்களையும் கைத்தொழில் வல்லுநர்கள் என்றே எண்ணிப் பேச வேண்டும். பொழுதுபோக்குக்காகத் தோல் தைக்க வரும் ஒரு மாணவன், தன் ஊரில் அந்தத் தொழில் யார் தலையில் எந்த நிலையில் சுமத்தப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு ஊசியை எடுக்கட்டும்.

கடைசியில் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, வழவழப்பான மரக்கட்டையால் அழுத்தி மெருகேற்றுங்கள். உள்ளே காடாத் துணியை இரண்டு மடிப்பாக வைத்தால் வியர்வை தோலில் இறங்காது. மேலே தேன்மெழுகை இளஞ்சூட்டில் உருக்கி மெல்லத் தடவுங்கள். எண்ணெய் அதிகம் வேண்டாம், விறைப்பு போய்விடும். ஐப்பசி மழையில் தோலில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாமல் காற்றாடும்படி துணிப்பையில் தொங்கவிடுங்கள். பூஞ்சை தெரிந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, மறுபடி மெழுகு தடவுங்கள்.