உருளவும் வேண்டும், பற்றவும் வேண்டும்



ஒரு மோட்டார்க் காரைத் தாங்கி நிற்பன எவை என்று கேட்டால், நான்கு சக்கரங்கள் என்று உடனே விடை கூறுவோம். அச்சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் எவ்வளவு என்று கேட்டாலோ, பலர் சற்றே தயங்குவர். ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே தரையைத் தொடுகின்றது. ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள வண்டியும், அதனுள் அமர்ந்திருக்கும் குடும்பமும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஓடுகின்றன. மோட்டார் சைக்கிளுக்கோ அத்தகைய இடங்கள் இரண்டே. அவையும் மிகச் சிறியன. அந்தச் சிற்றிடத்தில் இருக்கும் ரப்பர் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கன்னியாகுமரி மாவட்டத்து மலைச்சரிவுகளில், விடியும் முன்னரே தொழிலாளர் ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் வடிக்கின்றனர். அப்பாலை அமிலம் சேர்த்து உறையச் செய்து, தகடாக்கி உலர்த்தினால் கச்சா ரப்பர் கிடைக்கும். அது வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இவ்விரு குறைகளும் நீங்கும் என்று கண்டார். அஃது ஏன் நீங்குகிறது என்பது அவருக்குத் தெரியாது. ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி என்ற கருத்தை 1920-இல் ஜெர்மானியரான ஸ்டாடிங்கர் வெளியிட்டார். அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய சங்கிலி மூலக்கூறுகளையே பாலிமர் என்கிறோம். சிக்கிக் கிடக்கும் நூல்களை ஆங்காங்கே முடிச்சிட்டு வைத்தால் அவை விலகி ஓடா. இழுத்து விட்டால் பழைய நிலைக்கே திரும்பும். கந்தகம் இடுவது அத்தகைய முடிச்சு.

இனி, வகுப்பறையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைக் கூறுகிறேன். ஒரு ரப்பர்ப் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். அது துள்ளி எழும். ஆனால் விட்ட உயரத்துக்கு எழாது. குறைந்த உயரத்துக்குரிய ஆற்றலின் பெரும்பகுதி, பந்து நசுங்கி மீளும்போது உள்ளே வெப்பமாக மாறிவிட்டது. நன்றாகத் துள்ளும் பந்தில் இந்த இழப்புக் குறைவு. துள்ளாத மந்தப் பந்தில் மிகுதி.

டயரும் இவ்வாறே ஒவ்வொரு சுழற்சியிலும் நசுங்கி மீளுகின்றது. இழப்புக் குறைவாக இருந்தால் வண்டி எளிதில் உருளும்; எரிபொருள் மிச்சமாகும். ஆதலின் டயரைத் துள்ளும் ரப்பரால் செய்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் எழுகின்றது. பிரேக்கை அழுத்தும்போது ரப்பரானது சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து, உருமாறி, ஓட்டத்தின் ஆற்றலை விழுங்கவேண்டும். அப்போது நமக்குத் தேவைப்படுவது மந்த ரப்பரே. உருளும்போது ஆற்றலை விழுங்காதே என்கிறோம். நிறுத்தும்போது விழுங்கு என்கிறோம். இவற்றோடு, எளிதில் தேயாதே என்று மூன்றாவது கட்டளையும் இடுகிறோம். இம்மூன்றையும் டயர் நிபுணர் ஒரு முக்கோணமாகக் கருதுவர். ஒரு முனையை நீட்டினால் மற்றொரு முனை சுருங்கும். டயர் ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இந்த முக்கோணத்தோடு நடத்தும் போராட்டமே.

இப்போராட்டத்தில் முதற்பெரு வெற்றியைத் தந்தது கரி. ஆதி டயர்கள் கருநிறமானவை அல்ல; வெளிறிய நிறத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணெயையோ எரிவாயுவையோ குறைந்த காற்றில் எரித்துப் பெறும் நுண்கரியை ரப்பரில் கலந்தனர். டயரின் ஆயுள் பன்மடங்கு பெருகியது. இன்று நாம் காணும் கறுப்பு, அழகுக்காக வந்ததன்று, உழைப்புக்காக வந்தது.

இந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் இடமுண்டு. 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர், திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கினார். 1952-இல் அவரது தொழிற்சாலை, தேய்ந்த டயர்களின்மேல் புதிதாக ஏற்றும் டிரெட் ரப்பரைச் செய்யலாயிற்று. நம் பட்டறைகளில் ‘பட்டன்’ என்று வழங்கும் மேற்பரப்புக்கு உரிய ரப்பர் அது. 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு முழு டயரே வெளிவந்தது. மெட்ராஸ் ரப்பர் பாக்டரி என்னும் அப்பெயரின் சுருக்கமே எம்.ஆர்.எப். என்பது.

எனினும், வேற்று நாட்டுப் பக்குவத்தை அப்படியே கொணர்ந்தால் போதாது. நம் லாரி சுமக்கும் பாரம் வேறு. சித்திரை வெயிலில் காயும் நம் தார்ச்சாலை வேறு. மிகுந்த பாரத்தால் டயர் மிகுதியாக நசுங்கும். உள்ளே வெப்பம் பெருகும். வெப்பம் மிகுந்தால் அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கும். ஆகவேதான் லாரி டயரில், உள்வெப்பம் குறைந்ததும் எளிதில் கிழியாததுமாகிய இயற்கை ரப்பர் பெரும்பங்கு வகிக்கின்றது. கார் டயரின் பட்டனில், ஈரத்தில் நன்கு பற்றும் ஸ்டைரீன்–பியூட்டாடையீன் என்னும் செயற்கை ரப்பருக்கு முதன்மை. காற்றுக் கசியாதபடி உட்புறத்தில் பூசப்படுவது பியூட்டைல் வகை ரப்பர். ஒரு டயர் என்பது ஒரே பொருளன்று. பல ரப்பர்களின் கூட்டுக்குடும்பம். நம் நிலத்துக்கேற்ற பக்குவத்தை நாமே காணவேண்டும் என்னும் தேவை உணரப்பட்ட அக்காலத்தில், 1963-இல், திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1967-இல் பலூன் கொட்டகையில் பிறந்த அந்நிறுவனம் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது.

முன்னர்க் கூறிய முரண்பாடு தீருமா என்று கேட்பீர்கள். அதற்கு வழி காட்டியது ஓர் எளிய கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 16 மீட்டருக்குச் சற்று அதிகம். கார் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எனவே டயரின் ஒவ்வொரு பகுதியும் விநாடிக்கு ஏறத்தாழ 9 முறை நசுங்குகின்றது. பிரேக்கை அழுத்தும்போதோ, ரப்பர் சாலையின் நுண்மணிகள்மேல் உரசிச் செல்வதால் விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்கின்றது. ஒன்று மெதுவான தாளம். மற்றொன்று மிக விரைந்த தாளம். மெதுவான தாளத்தில் துள்ளும் பந்தாகவும், விரைந்த தாளத்தில் மந்தப் பந்தாகவும் இருக்கக்கூடிய ரப்பரை ஆக்கினால் முரண்பாடு தணியும் அன்றோ?

அதற்குத் துணை வந்தது மணலின் உறவான சிலிக்கா. ஆனால் சிலிக்காவும் ரப்பரும் நீரும் எண்ணெயும் போல ஒட்டாதவை. ஒரு கையால் சிலிக்காவையும் மறு கையால் ரப்பரையும் பற்றிக்கொள்ளும் சிலேன் என்னும் இணைப்புப் பொருள் அவற்றைச் சேர்த்து வைத்தது. 1992-இல் பிரான்சின் மிஷ்லின் நிறுவனம் இத்தகைய டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஈரத்தில் பற்று குறையாமலே, உருளுவதற்கான தடை வெகுவாகக் குறைந்தது. அந்நிறுவனம் பின்னாளில் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய்கண்டிகையிலும் ஆலை அமைத்தது. இன்று சங்கிலியின் முனையிலேயே சிலிக்காவைப் பற்றும் கொக்கியை அமைத்துச் செயற்கை ரப்பரை ஆக்குகின்றனர்.

ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரில் வெடிப்பை உண்டாக்கும். அதனைத் தடுக்க ஒரு காப்புப் பொருளைச் சேர்க்கின்றனர். அப்பொருள் ஓசோனோடு கூடி மாறி, டயர்த் துகளோடு மழைநீரில் ஓடைகளுக்குச் சென்று, அமெரிக்க மேற்குக் கரையின் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்லுகின்றது என்று 2020-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். டயரைக் காப்பது மீனைக் கொல்லுமாயின், அதற்கு மாற்று வேண்டும். மின்வண்டிகளோ மின்கலத்தின் எடையால் டயரை விரைவில் தேய்க்கக்கூடியவை. மூன்று முனைகளையுடைய முக்கோணம் இன்று மேலும் பல முனைகளைப் பெற்றுவிட்டது.

மாணவ நண்பர்களே! இவை எங்கோ தொலைவில் நடப்பன அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கே.கே. நகரின் சாலைகளில் நீர் தேங்கும்போது, பட்டனின் பள்ளங்கள் அந்நீரை வெளியேற்றினால்தான் ரப்பர் தரையைத் தொடும். பள்ளம் தேய்ந்துவிட்டால், எத்துணைச் சிறந்த பாலிமரும் தண்ணீரின்மேல் வழுக்கும். கார் டயருக்கு 1.6 மில்லிமீட்டரும், இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டரும் குறைந்த அளவுப் பள்ளம் இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. டயரின் பக்கச்சுவரில் வரும் நான்கு இலக்க எண், அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் கூறும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டன் தேயாதிருப்பினும், வயது முதிர்ந்த ரப்பர் இறுகிப் பற்றிழக்கும். இன்று மாலையே உங்கள் வீட்டு வண்டியின் டயரைக் குனிந்து பாருங்கள்.

இத்துறையில் ஈடுபட விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எங்கள் பகுதியை அடுத்த கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் சிப்பெட் நிலையம் இருக்கின்றது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கெனத் தனித்துறையே உண்டு. அங்கே சென்று எல்லாவற்றினும் சிறந்த ரப்பர் எது என்று கேட்டால், எந்தச் சாலைக்கு, எந்தப் பாரத்துக்கு, எந்த வெப்பத்துக்கு என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். அக்கேள்வியைக் கேட்கப் பழகுவதுதான் பொருளியல் விஞ்ஞானத்தின் முதற்பாடம்.