கஷாயமும் வேண்டும், டாக்டர் சீட்டும் வேண்டும்

(ஸ்ரீ கெம்பாங்கானில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை.)

கை வைத்தியத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டார்கள். நான் வைத்தியன் அல்ல. செக்ரோல் எழுதும் கிராணி. ஆயினும் யார் எத்தனை நாள் நோயில் படுத்தார், அதனால் எவ்வளவு சம்பளம் போயிற்று என்பது என் பேனாவுக்குத் தெரியும். அந்தக் கணக்கிலிருந்தே பேசுகிறேன்.

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது மருந்துப் பெட்டி கொண்டு வரவில்லை. மருந்தறிவைக் கொண்டு வந்தார்கள். லயத்துக் கொல்லையில் துளசியும் கற்பூரவல்லியும் வைத்தார்கள். சளிக்குச் சுக்கு மிளகுக் கஷாயம், வயிற்றுப் பொருமலுக்கு ஓம நீர், தொண்டைக் கரகரப்புக்கு உப்பு நீர், இருமலுக்குத் தேன். இவற்றை யாரும் கேலி செய்ய வேண்டாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கொடுக்கவே கூடாது.

அடுப்படிச் சரக்கின் மதிப்பை உலகமே பார்த்ததுண்டு. 1971ல் மேற்கு வங்காள எல்லையில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலானபிஸ் என்பவர் குளுக்கோசும் உப்பும் சோடா உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். தாய்மார்களே, வயிற்றுப்போக்குக்கு அவசரத்தில் நீங்களும் இப்படிச் செய்யலாம்: கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், சீனி மட்டமாக 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பைக் கூட்டிவிடாதீர்கள். பிள்ளை சோர்ந்து கண் குழி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டிங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறார்கள். அதனால் இரத்தத் தட்டணுக்கள் கூடுவதாகச் சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இருந்தாலும் அது டாக்டருக்கு ஈடாகாது. காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் ஆபத்து ஏறுகிறது. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரை தொடவே கூடாது. கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைக்கிறோம். அது எலிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், இரத்தம் சோதித்தால்தான் தெரியும். வெட்டாமல் விட்ட மரங்களில் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். அதில் தேங்கும் மழைநீரில்தான் டிங்கிக் கொசு முட்டையிடுகிறது.

இனி, என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே பால் வெட்டும் அண்ணன் ஒருவருக்கு உளி பட்டுக் காலில் காயம். காப்பித்தூளை அப்பித் துணி சுற்றிக் கொண்டார். "டாக்டரிடம் போனால் ஒரு நாள் பேர் போகுமே" என்பது அவர் கணக்கு. மூன்றாம் நாள் கால் வீங்கிவிட்டது. ஐந்து நாள் அவர் பெரட்டுக்கு வரவில்லை; டாக்டர் சீட்டும் இல்லை. ஐந்து நாளும் 'வரவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். அவர் வீட்டு வாசலுக்குப் போய், "அண்ணே, சீட்டு வாங்குங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சம்பள நாளில் அவர் மனைவி பணத்தை எண்ணி, மறுபடியும் எண்ணிப் பார்த்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

தோழர்களே, 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு வருஷத்துக்குட்பட்ட சேவைக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனால் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. ஆனால் பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கஷாயம் சளியைப் போக்கும். சம்பளத்தை மீட்டுத் தராது.

ஆகவே வெட்டுக்காயத்தைச் சோப்பு நீரில் கழுவுங்கள், சுத்தத் துணி கட்டுங்கள், டாக்டரிடம் போய் விறைப்பு ஜன்னிக்கு ஊசி தேவையா என்று கேளுங்கள். காப்பித்தூள் காப்பிக்கே இருக்கட்டும்! கிராணி நண்பர்களே, பெரட்டில் ஒருவர் இரண்டு நாள் காணவில்லையென்றால் பேனாவை எடுக்கும் முன் அவர் வீட்டுக்கு ஒரு நடை நடங்கள். நான் அன்று நடக்கவில்லை. நீங்கள் நடங்கள்.